பெரியப்பாவை ஊருக்குக் கொண்டுவரலாமா?

ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று எங்கள் குடும்பத்தார் பேரூருக்குச் செல்வது வழக்கம். நொய்யல் கரையில் அமர்ந்து அம்மாயியின் தம்பி முன்னோருக்குப் பிண்டம் வைப்பார். அய்யர் ஒவ்வொரு பெயராகக் கேட்பார். எல்லாப் பெயர்களும் முடிந்த பின் அம்மாயி மறவாமல் ஒரு பெயரை எடுத்துக் கொடுப்பார். அவர் பிறப்பதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத அவருடைய பெரியப்பாவின் பெயர் அது. அவர் எந்த நாளில் இறந்தார் என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. "பர்மா சண்டையில" என்பதோடு அந்த வரலாறு முடிந்துவிடும். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதானே நாள்!

சென்ற ஆண்டு ஒருநாள், எல்லையில் உயிர்நீத்த வீரர் ஒருவரின் உடல் தேசியக் கொடி போர்த்திய பெட்டியில் சொந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அம்மாயி கேட்டார்: "இப்பெல்லாம் பொட்டியில வெச்சு ஊருக்கே கொண்டாந்து குடுத்தர்றாங்க. எங்க பெரியப்பன மட்டும் ஏங் கண்ணு அங்கயே உட்டுட்டாங்க? இனியாச்சும் கொண்டார முடியாதா?"

வரலாறு பயிலும் மாணவன் என்ற பெருமையில் "கேட்டுச் சொல்றேன் அம்மாயி" என்று சொல்லிவிட்டேன். விடை தேடிப் புறப்பட்ட பிறகுதான் கேள்வி எத்தனை பெரியது என்பது விளங்கியது.

போரில் மடிந்தவரை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு வகுத்த விதி. 1915 ஏப்ரலில் பிரெஞ்சுப் போர்முனையில் ஓர் இளம் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். அவர் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரர். தனி அனுமதி பெற்று அவர் உடலை மட்டும் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார்கள். செல்வாக்குள்ளவன் பிணம் வீடு வரும், கூலிக்காரன் மகன் சேற்றில் கிடப்பான் என்றால் எந்தப் படை பொறுக்கும்? உடனே தடை வந்தது. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917-இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம் இத்தடையையே தன் கொள்கையாக்கிக்கொண்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த கென்யன் 1918-இல் அளித்த அறிக்கை இன்னும் ஒருபடி சென்றது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், ஒரே வரிசை. இங்கிலாந்துத் தாய்மார்கள் எத்தனையோ மனுக்கள் எழுதினர். 1920-இல் நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. விதி மாறவில்லை.

அமெரிக்கா வேறு வழி கண்டது. முடிவைக் குடும்பத்தாரிடமே விட்டது. முதல் உலகப் போரில் மாண்ட அமெரிக்கர்களுள் சுமார் 46,000 பேரின் உடல்கள் கடல் கடந்து வீடு திரும்பின. சுமார் 30,000 பேர் ஐரோப்பிய மண்ணிலேயே இருக்கின்றனர். ஆக, உறவினரைக் கேட்ட நாடும் உண்டு. கேட்காத நாடும் உண்டு. நம்மவர்கள் கேட்காத நாட்டின் படையில் இருந்தார்கள்.

ஒரே அளவுக் கல் என்ற அந்தச் சமத்துவமாவது நம்மவர்க்குக் கிடைத்ததா என்றால், அங்கேதான் நெஞ்சு சுடுகிறது. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. மெசபடோமியப் போரில் மாண்டு கல்லறையும் அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பியது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் இருந்தன; இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் மட்டும் ரெஜிமெண்டு வாரியாக 'இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாக நின்றார்கள். (அந்தச் சின்னத்தையே 1997-இல் சதாம் உசேனின் ஆணைப்படி பெயர்த்து, 32 கிலோமீட்டர் தள்ளி வேறிடத்தில் நட்டார்கள் என்பது வேறு கதை. கல் நகராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.) இந்தியா, ஆப்பிரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்றும், அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

கல்லறைகளை அசைக்கவே கூடாது என்பதும் முழு உண்மை அன்று. நம் மாநிலத்திலேயே அசைத்திருக்கிறார்கள். இரண்டாம் போரின்போது தென்னாடு முழுதும் பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்தன. நம் கோவையில் 'கருடா' என்ற பெயரிலும் சூலூரில் 'வைரி' என்ற பெயரிலும் அவர்களுடைய கடற்படையின் விமான நிலையங்கள் இயங்கின. இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் புதைக்கப்பட்ட அப்போர்க்காலத்தவரை, அங்கே நெடுங்காலம் பராமரிக்க முடியாது என்று கருதித் தோண்டியெடுத்து, சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க் கல்லறையில் சேர்த்தார்கள்.

சென்ற டிசம்பரில் அங்கே போயிருந்தேன். மவுண்ட் - பூந்தமல்லி சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்தால் வெட்டிச் சீராக்கிய புல்வெளி. அதில் 856 கல்லறைகள். பின்புறம் ஒரு நினைவுச் சுவர். முதல் போரில் மாண்டு இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. இவர்களுடைய கல்லறைகளையும் தொடர்ந்து காக்க முடியவில்லை. ஆனால் எலும்புகளை எடுத்துவரவில்லை. பெயர்களை மட்டும் கொண்டுவந்து கல்லில் வெட்டினார்கள். அந்தச் சுவரின் முன் நின்றபோது என் கேள்வியின் வடிவமே மாறியது. ஊருக்கு வர வேண்டியது எலும்பா, பெயரா?

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எளிதில் விடுபவர் அல்லர். "ஜப்பான்காரன் இன்னமும் எலும்பு தேடிக்கொண்டுதானே இருக்கிறான்? அவனுக்கு இருக்கும் ரோஷம் நமக்கு வேண்டாமா?" என்று மடக்கினார். உண்மைதான். வெளிநாடுகளில் மாண்ட ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேர். 1952 முதல் அந்நாட்டு அரசு குழுக்களை அனுப்பித் தேடியும் 11 லட்சத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் வந்து சேரவில்லை. 2016-இல் இதை அரசின் கடமையென்றே சட்டம் செய்தார்கள். ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. சைபீரியாவிலிருந்து கொண்டுபோன எலும்புகளில் பல ஜப்பானியருடையவையே அல்ல என்பது 2019-இல் வெளியாகித் தலைகுனிவாயிற்று. யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தம் பிள்ளை என்று கும்பிட்டிருக்கிறார்கள்!

மேலும், ஊருக்கு வந்துவிட்டால் காப்போம் என்பதற்கு என்ன உறுதி? எங்கள் கிராமத்துத் தோட்டத்து வரப்பில் ஒரு நடுகல் சாய்ந்து கிடக்கிறது. வில்லேந்திய வீரன் ஒருவன் அதில் நிற்கிறான். என் அப்புச்சி காலத்தில் அதன் மேல் துணி துவைத்தார்களாம்! கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை வீரக்கல்லுக்குரிய சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது என்று வகுப்பில் படித்துவிட்டு, ஊருக்கு வந்து நான் பார்ப்பது இதைத்தான்.

எனினும் அந்தப் பழைய நடுகற்களில் ஒரு பண்பு உண்டு. எழுத்துப் பொறித்த கற்களில் வீரனுக்குப் பெயர் இருக்கும். அவன் யாருக்காக, எந்த ஊர்ப் பூசலில், எதை மீட்கப் பட்டான் என்பதும் இருக்கும். ஆநிரை மீட்டவனோடு போரிட்ட நாயின் பெயரைக்கூடப் பொறித்த கல் நம் தமிழகத்தில் உண்டு. இதனோடு வேலூர் நீண்ட கடைவீதியில் உள்ள கல்வெட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 1914-19 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் கொடுத்தனர் என்கிறது அது. யார் அந்தப் பதினால்வர்? கல் சொல்லாது. நாய்க்குக் கிடைத்த பெயர் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

சிப்பாய்க்காவது எண்ணிக்கை கிடைத்தது. சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த மலேயாத் தோட்டத் தமிழர்களுக்கு அதுவும் இல்லை. அப்பாதையில் மாண்ட நேச நாட்டுக் கைதிகளின் உடல்களைப் பாதை நெடுகத் தேடியெடுத்து மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள்; காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலோருக்குப் பெயரோடு. அமெரிக்கர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்கே எடுத்துச் சென்றார்கள். நம் கூலித் தொழிலாளர்கள் பல்லாயிரவர் குழிகளில் கிடந்தார்கள். யாருடைய எலும்பை யாருடைய ஊருக்கு அனுப்புவது?

இனி அம்மாயியின் கேள்விக்கு வருகிறேன். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இப்போது இணையத்தில் எவரும் பார்க்கலாம். இரண்டாம் போரில் மாண்ட பல இந்திய வீரர்களின் குறிப்பில் தந்தை பெயரும், ஊரும், 'கோயம்புத்தூர், இந்தியா' என்பதும் உண்டு. ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். மூன்று வாரம் விதவிதமான எழுத்துக்கூட்டலில் தேடினேன். கடைசியில் அகப்பட்டது ஊர்ப் பெயரைக் கொண்டுதான்; அதுவும் பாதி சிதைந்த ஊர்ப் பெயர்.

பெரியப்பா இம்பாலில் இருக்கிறார். சரியாகச் சொன்னால், இருக்கவில்லை. அங்குள்ள இந்தியப் படையினர் கல்லறைத் தோட்டத்தில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 868 பேருக்கென ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதில் ஒரு வரி அவர். தோண்டியெடுக்கக் கல்லறை இல்லை. உடல் அப்போதே நெருப்புக்குப் போய்விட்டது. கொண்டுவரலாமா வேண்டாமா என்று நான் மாதக்கணக்கில் விவாதித்த பொருளே அங்கு இல்லை!

இன்றைய வீரரின் உடலைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்புவது சரியே. 1999 கார்கில் போர் முதல் நம் அரசு இதைச் செய்துவருகிறது. காத்திருக்கும் தாயும் மனைவியும் இருக்கும்போது அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. பழைய கல்லறைகளை அவை இருக்குமிடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் பதிவேட்டில் தூங்கும் பெயர்கள் அவரவர் கிராமத்துக்கு வர வேண்டும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலோ பள்ளிக்கூட முகப்பிலோ ஒரு சிறு கல் போதும். கோவை மாவட்டத்துப் பெயர்களைத் தொகுக்கும் வேலையை நம் கல்லூரி வரலாற்று மன்றம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலைச் சரிசெய்ய அந்தந்த ஊர் மாணவர்களே வேண்டும். வெளியாருக்கு நம் ஊர்ப் பெயர்கள் பிடிபடா.

அம்மாயியிடம் நினைவுச் சின்னத்தின் படத்தைக் காட்டி, பெயரைப் படித்துச் சொன்னேன். கொண்டுவர ஒன்றும் இல்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "தேதி போட்டிருக்குதா கண்ணு?" என்றார். போட்டிருந்தது: 1944 ஜூன் மாதத் தொடக்கம். உடனே பக்கத்து வீட்டு ஜோசியரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கணக்குப் போட்டு, வைகாசி வளர்பிறை என்று சொல்லித் திதியையும் எழுதிக் கொடுத்தார். பெரியப்பாவுக்கு இனி ஆடி அமாவாசை இல்லை. வருகிற வைகாசியில் அவருக்கென்று தனியாகப் பேரூர் போகிறோம்.