இந்தியாவும் வேதி ஆயுதங்களும்

வேதி ஆயுதம் (இரசாயன ஆயுதம்) என்பது நச்சு வேதிப்பொருள்களைக் கொண்டு மனிதரைக் கொல்லவோ ஊனப்படுத்தவோ உருவாக்கப்பட்ட போர்க்கருவி ஆகும். இந்தியாவில் இவற்றின் வரலாறு பிரித்தானிய ஆட்சிக் காலம் வரை பின்செல்கிறது. போருக்குப் பின் எஞ்சும் பழைய ஆயுதங்களுக்குப் பொறுப்பு யாருடையது, தன் இருப்பை ஒரு நாடு மறைக்கலாமா என்ற இரு கேள்விகள் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

கடுகு வாயு

இந்தியாவோடு தொடர்புடைய முதன்மையான வேதி ஆயுதம் கந்தகக் கடுகு வாயு ஆகும். வாயு என்று அழைக்கப்பட்டாலும் இயல்பான வெப்பநிலையில் இது எண்ணெய் போன்ற நீர்மம். சுமார் 14 பாகை செல்சியசுக்குக் கீழ் உறைந்துவிடும். உடலில் பட்டுச் சில மணி நேரம் கழிந்த பின்னரே தோலில் கொப்புளங்கள் எழும். கண்களும் நுரையீரலும் பாதிக்கப்படும். இதற்கு மாற்று மருந்து இல்லை.

பிரித்தானிய ஆட்சிக் காலம்

1930களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக, இராவல்பிண்டியில் பிரித்தானிய அறிவியலாளர்கள் நூற்றுக்கணக்கான இந்தியப் படைவீரர்கள் மீது கடுகு வாயுவைச் சோதித்தனர். இந்தியர் தோலும் ஐரோப்பியர் தோலும் வெவ்வேறு அளவில் பாதிக்கப்படுகின்றனவா என்று அறிவது அவர்களின் நோக்கங்களுள் ஒன்று. பலர் கடும் புண்களுக்கு ஆளாயினர். பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஆவணங்களைக் கொண்டு 2007 ஆம் ஆண்டு தி கார்டியன் நாளிதழ் இச்செய்தியை வெளியிட்டது.

கடலில் கொட்டப்பட்ட ஆயுதங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், எஞ்சிய வேதி ஆயுதங்களைக் கடலில் கொட்டுவதே எளிய வழியாகப் பல நாடுகளால் கருதப்பட்டது. தமிழகக் கரையைத் தழுவும் வங்காள விரிகுடாவும் இதற்கு விலக்கன்று. 1945இல் அமெரிக்கப் படையினர் கடுகு வாயுக் குண்டுகளை இவ்விரிகுடாவில் கொட்டினர்.

கடுகு வாயு நீரில் எளிதில் கரைவதில்லை. குண்டின் உறை துருப்பிடித்துச் சிதைந்த பின், கசிந்த நஞ்சின் மேற்பரப்பு கெட்டியான ஓடாகிவிட, உட்பகுதி பல ஆண்டுகள் வீரியம் குன்றாமல் இருக்கும். பால்டிக் கடலில் இத்தகைய கட்டிகள் வலைகளில் சிக்கி மீனவர்கள் காயமடைந்துள்ளனர்.

1972 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை வேதி ஆயுதங்களைக் கடலில் கொட்டுவதைத் தடை செய்தது. ஆயினும் 1985 சனவரி 1க்கு முன் கடலில் கொட்டப்பட்டவற்றை அறிவிப்பதா இல்லையா என்பதை வேதி ஆயுத உடன்படிக்கை அந்தந்த நாட்டின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. எனவே கொட்டிய நாட்டுக்குச் சட்டக் கடமை இல்லாமலும், கரையோர மக்களுக்கு இடர் நீங்காமலும் இருக்கும் நிலை தொடர்கிறது. 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இது குறித்துத் தகவல் பகிர்வை ஊக்குவிக்கும் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது.

1997 ஆம் ஆண்டு அறிவிப்பும் சர்ச்சையும்

1992 ஆகத்து மாதம் இந்தியாவும் பாகிசுத்தானும் புது தில்லியில் வேதி ஆயுதங்களின் முழுத் தடைக்கான கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. வேதி ஆயுதங்களை உருவாக்குவதில்லை, வைத்திருப்பதில்லை, பயன்படுத்துவதில்லை என்பது அதன் சாரம். இந்தியா 1993 சனவரியில் வேதி ஆயுத உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, 1996 செப்டம்பரில் அதனை உறுதி செய்தது. உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு சூன் மாதத்தில், தன்னிடம் 1,044 டன் கடுகு வாயு இருப்பதாக இந்தியா அறிவித்தது. 1992 கூட்டறிக்கைக்கு இது முரணானது எனப் பாகிசுத்தான் குற்றஞ்சாட்டியது. மறுபுறம், இருப்பைத் தானே அறிவித்துப் பன்னாட்டுச் சோதனைக்கு உட்படுத்தியது நம்பிக்கையை வளர்க்கும் செயல் என்ற கருத்தும் உண்டு. முன்னைய மறைப்பும் பின்னைய வெளிப்படைத்தன்மையும் ஒரே நிகழ்வில் சேர்ந்திருப்பதால், ஆயுதக் குறைப்பு பற்றிய விவாதங்களில் இது எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கது.

அழிப்பு

உடன்படிக்கையைச் செயற்படுத்த 2000 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. வேதி ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் மேற்பார்வையில் அழிப்புப் பணி நடைபெற்றது. 2007 இல் முடிய வேண்டிய காலக்கெடு 2009 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குள் முழு இருப்பும் அழிக்கப்பட்டது. அல்பேனியா, தென் கொரியா ஆகியவற்றை அடுத்து இதனை நிறைவேற்றிய மூன்றாவது நாடு இந்தியா ஆகும்.

இவற்றையும் பார்க்க
வேதி ஆயுத உடன்படிக்கை
செனீவா நெறிமுறை, 1925
வங்காள விரிகுடா