பட்டக் கல்வியின் முடிகல்

கல்வியின் பயன் பலவாகக் கூறப்படினும், பிறர் கூறியதைத் திரும்பக் கூறுதற்கும் தானே ஒன்றை ஆராய்ந்து துணிதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஒருவன் உணர்ந்துகொள்ளுதல் அப்பயன்களுள் தலையாயது எனலாம். பள்ளிப் பருவம் முதற் பட்டப் பரீட்சை வரை மாணவன் எதிர்ப்படும் வினாக்கள் பெரும்பாலும் விடை முன்னரே தெரிந்த வினாக்களாம். வினாவை இயற்றியவரும் விடையை அறிவர், புள்ளியிடுபவரும் அறிவர், மாணவன் அதனை நினைவிற் கொண்டுள்ளானா என்பதே அங்கு சோதிக்கப்படுகின்றது. கல்லூரியை விட்டு வெளிப்போந்த பின்னர் அவனை எதிர்நோக்கும் வினாக்களோ வேறு வகையின. ஊர்க் கிணற்று நீர் குடிக்கத் தக்கதோ, ஒரு பழைய காணி உறுதி மெய்யானதோ, செய்தித்தாளிற் கண்ட கணக்கு நம்பத் தக்கதோ என்பனவற்றிற்கு விடைநூல் எங்கும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. இவ்விருவகை வினாக்களுக்கும் இடையே பாலமாக அமைந்தது, பட்டக் கல்வியின் இறுதியாண்டில் நிகழும் ஆராய்ச்சிப் பாடம் ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பாடத்தைக் கட்டடத் தொழிலினின்றும் பெற்ற ஒரு பெயரால் வழங்குவர். கட்டி முடித்த மதிலின் உச்சியில் வைக்கப்பெறும் கல்லைக் குறிப்பது அச்சொல். தமிழில் அதனை முடிகல் எனலாம். கீழே அடுக்கிய கற்களை மூடி, மழைநீர் உட்புகாது காத்து, மதிலை நிறைவுறச் செய்தல் முடிகல்லின் தொழில். பல ஆண்டுகளிற் பல துறைகளிற் கற்றவற்றை ஒரு வினாவின் கீழ் ஒருங்கு சேர்த்தல் இப்பாடத்தின் தொழில்.

இதன் வேர் ஜேர்மனியில் உள்ளது. வில்ஹெல்ம் வொன் ஹம்போல்ட்டின் முயற்சியால் 1810ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக்கழகத்திற் கற்பித்தலும் ஆராய்தலும் பிரிக்கப்படலாகா என்னும் கொள்கை நிலைபெற்றது. அங்கு வரலாற்றாசிரியர் லியோபோல்ட் வொன் ராங்கே, மாணவர் சிலரைத் தம்மைச் சூழ இருத்தி, மூல ஆவணங்களை ஆராயும் முறையிற் பழக்கினார். ஓர் ஆவணம் யாரால், எப்போது, எந்நோக்கத்துடன் எழுதப்பட்டது என்று வினவாமல் அதனை நம்பலாகாது என்பதே அப்பயிற்சியின் சாரம். 1876இல் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையை அமெரிக்காவிற் பரப்பியது. எனினும் அது பெரும்பாலும் பட்டம் பெற்றபின் மேற்படிப்பை மேற்கொள்வார்க்கே உரியதாயிருந்தது.

பட்டத்திற்குப் பயிலும் மாணவர் எல்லார்க்கும் அதனை உரித்தாக்கிய கல்லூரிகளுள் ஒகையோ மாநிலத்து வூஸ்டர் கல்லூரி குறிப்பிடத்தக்கது. ஹவர்ட் லௌறி என்பவர் தலைவராயிருந்த காலத்தில், 1940களின் பிற்பகுதியில், மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியர் ஒருவரின் துணையுடன் தனியாராய்ச்சி செய்யும் முறை அங்கு ஏற்பட்டது. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய பொதுக்கல்வித் திட்டத்தில், வெவ்வேறு துறை மாணவரை ஒரு குழுவாகச் சேர்த்து, நகரத்தின் உண்மைப் பிரச்சினை ஒன்றில் ஈடுபடுத்தும் இறுதிநிலைப் பாடத்தை அமைத்தது. 1998இல் வெளிவந்த போயர் ஆணைக்குழுவின் அறிக்கை, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களிற் பட்டக் கல்வி இத்தகைய பாடத்தோடு நிறைவுறல் வேண்டும் என விதந்துரைத்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சிறப்புப் பட்டத்திற்குப் பயில்வோர் இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதும் வழக்கமும் இதனோடு உறவுடையதே.

பல துறைகளும் ஒரு வினாவின் கீழ் எங்ஙனம் கூடும் என்பதை விளக்க, இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு ஓகத்து மாத இறுதியில் சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி நோய் திடீரெனப் பரவியது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அழுகிய பொருள்களினின்றும் எழும் தீய காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்கால அறிஞர் பலர் கொண்ட கொள்கை. ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியரோ, நோய் நீரினாற் பரவுகின்றது என 1849இலேயே எழுதியிருந்தார்.

ஸ்னோ மரணப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அப்பகுதியில் நிகழ்ந்த 83 மரணங்களின் பட்டியலைப் பெற்றார். அவற்றுள் ஏறத்தாழ எல்லாம் புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாய்க் கிணற்றின் அயலில் நிகழ்ந்தமை தெரிந்தது. பத்து மரணங்கள் மாத்திரம் வேறொரு கிணறு அண்மையில் இருந்த வீடுகளில் நிகழ்ந்திருந்தன. தம் கொள்கைக்கு மாறாகத் தோன்றிய இப்பத்தையே அவர் முதலில் ஆராய்ந்தார். ஐந்து குடும்பத்தினர், புரோட் வீதி நீரின் சுவையை விரும்பி அங்கிருந்தே எடுப்பித்ததாகக் கூறினர். வேறு மூவர் அக்கிணற்றின் அருகிலிருந்த பள்ளிக்குச் சென்ற சிறுவர். எஞ்சியவை இரண்டே. இதன் மறுதலையையும் அவர் நோக்கினார். கிணற்றின் அயலிலிருந்தும் நோய் அணுகாதோர் உளரோ என வினவியபோது, 535 பேர் வாழ்ந்த ஏழைகள் விடுதியில் ஐவரே மாண்டமையும், அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தமையும் வெளிப்பட்டன. அவ்வீதியின் மதுவடி சாலைத் தொழிலாளர் அக்கிணற்று நீரைப் பருகுவதில்லை; அவர்களுள் எவரும் அந்நோயால் இறந்திலர்.

செப்டம்பர் 8ஆம் நாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனாலேயே நோய் நின்றது எனப் பின்வந்தோர் கதைபோலக் கூறுவர். ஸ்னோ அவ்வாறு எழுதவில்லை. மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடியமையால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதை அவரே தம் நூலிற் பதிவு செய்தார். தம் கொள்கைக்கு அழகு சேர்க்கும் ஒரு கதையைத் தாமே மறுத்தமை அவர்தம் ஆராய்ச்சி நேர்மைக்குச் சான்றாகும்.

அவர் இன்னொரு சோதனையும் செய்தார். தென் இலண்டனில் இரு கம்பனிகள் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. ஒன்று கழிவுநீர் கலந்த இடத்திலே தேம்ஸ் ஆற்றிலிருந்து நீரெடுத்தது. மற்றது 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. எக்கம்பனியின் நீர் என வீட்டார் அறியாதவிடத்து, ஸ்னோ வெள்ளி நைத்திரேற்றைக் கொண்டு நீரின் உப்பளவைச் சோதித்து வேறுபாடு கண்டார். முதற் கம்பனி நீர் வழங்கிய வீடுகளிற் பத்தாயிரத்துக்கு 315 மரணங்களும், இரண்டாவதன் வீடுகளிற் பத்தாயிரத்துக்கு 37 மரணங்களும் நிகழ்ந்தமை கணக்கிடப்பட்டது. வைத்தியம், இரசாயனம், புள்ளிவிவரம், நிலப்படம், வீடு வீடாகச் சென்று வினவுதல் ஆகிய அனைத்தும் இங்கு ஒரு வினாவுக்குப் பணி செய்தன. துறைகளைக் கூட்டியது ஸ்னோவின் விருப்பமன்று. வினாவின் தேவையே அவற்றைக் கூட்டியது.

இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி ஸ்னோவைப் பற்றியதன்று. ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் பாதிரியார் அவ்வட்டாரத்தில் ஊழியம் செய்தவர். மாண்ட குடும்பங்களை நேரில் அறிந்தவர். கிணற்று நீர் பற்றிய கொள்கை தவறென்று நம்பி, அதனை மறுக்கும் எண்ணத்துடன் அவர் வீடு வீடாகச் சென்று வினவினார். சேர்ந்த சான்றுகள் அவருடைய எண்ணத்துக்கு எதிராகவே திரண்டன. ஈற்றில், கிணற்றை அடுத்திருந்த 40ஆம் இலக்க வீட்டில் ஒரு பச்சிளங் குழந்தை முதலில் நோயுற்றதையும், அதன் துணிகளைக் கழுவிய நீர் வீட்டின் முன்னிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டறிந்தவர் அவரே. தோண்டிப் பார்த்தபோது அக்குழி கிணற்றினின்றும் மூன்று அடிக்கும் குறைந்த தூரத்திற் சிதைந்து கிடந்தது. ஸ்னோ தம் சான்றுகளையும் அவற்றைப் பெற்ற வழியையும் திறந்து வைத்திருந்தமையாலேயே, மறுக்க வந்தவர் அதே வழியிற் சென்று சோதிக்க முடிந்தது. ஆராய்ச்சி எழுத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும்: நம்ப மறுக்கும் ஒருவன் சோதித்துப் பார்க்கத்தக்க வகையில் எழுதுதலே அது.

இறுதியாண்டுப் பாடம் மாணவனை இந்நெறியிற் படிப்படியாக நடத்துகின்றது. முதற்படி வினாவை அமைத்தல். ‘யாழ்ப்பாணத்தின் நீர்ப் பிரச்சினை’ என்பது ஒரு தலைப்பே அன்றி வினாவாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை; மழைநீரைச் சுண்ணாம்புக் கற்படை தேக்கி வைக்க, வீடும் தோட்டமும் கிணற்றையே நம்பி வாழ்கின்றன. தோட்டத்துக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழிகளும் அந்நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுதியாயின் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளையும். இவ்வளவும் அறிந்த மாணவன், ‘ஒரு குறித்த கிராமத்தில் மாரிக்கு முன்னும் பின்னும் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று அளவு வீட்டுக் கிணறுகளினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது?’ எனக் கேட்பானாயின், அது வினாவாகும். ஓராண்டிற் செய்து முடிக்கலாம். தவறென்று காட்டவும் கூடும். இதற்கு நிலவியலும் இரசாயனமும் வேளாண்மையும் வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைவெளி விதிக்கும் சட்டமும், பயிர்செய்கை மாறிய வரலாறும் வேண்டும். துறைகள் தாமாகவே வந்து கூடுகின்றன.

இரண்டாம் படி, முன்னோர் கூறியதை அறிதல். மூன்றாம் படி, சான்றுகளைத் திரட்டி அவற்றின் தகுதியை மதித்தல். தன் எண்ணத்துக்கு மாறான சான்றை முதலில் நோக்குதல் இப்படியின் அறம். நான்காம் படி எழுதுதல். எழுதுதல் ஆராய்ச்சி முடிந்தபின் செய்யும் வேலை என எண்ணுவோர் பலர். உண்மையில், எண்ணத்திற் பொருந்தியதாகத் தோன்றிய வாதம் தாளில் இறக்கியவுடன் இடைவெளி காட்டுவதுண்டு. அவ்விடைவெளியே மாணவனை மீண்டும் நூலகத்துக்கோ கிணற்றடிக்கோ அனுப்புகின்றது. அடிக்குறிப்பும் அலங்காரத்துக்கு இடப்படுவதன்று. ‘இவ்வழியே சென்று நீரும் காணலாம்’ என்று படிப்போனுக்குக் காட்டும் கைகாட்டி அது. ஐந்தாம் படி, அறிஞர் அவையில் முடிபை எடுத்துரைத்துத் தடைகளுக்கு விடையிறுத்தல்.

இத்தடை விடை முறை தமிழர்க்குப் புதியதன்று. நம் உரையாசிரியர்கள் தாமே ஓர் ஐயத்தை எழுப்பி, அதற்கு அமைதி கூறிச் செல்லும் வழக்கினர். சிவஞான சித்தியார் பரபக்கத்திற் பிறர் கொள்கைகளை முறையாக எடுத்துக்கூறி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகின்றது. எதிர்ப்பக்கத்தை அதன் வலிமை குன்றாது எடுத்துக் கூறத் தெரியாதவன் தன் பக்கத்தை நிறுவத் தகுதியற்றவன் என்பது அம்மரபின் உட்கிடை. மாணவர் எழுதும் ஆய்வேடுகளிற் பலவற்றிற் காணப்படும் குறை, பரபக்கம் இன்மையே.

இப்பாடத்திற்கு இடர்களும் உள. பல துறைகளைத் தொடும் ஆசை, எல்லாத் துறைகளிலும் நுனிப்புல் மேய்வதாய் முடிதல் கூடும். மாணவன் ஒரு துறையிலேனும் வேரூன்றி நின்று ஏனையவற்றை நோக்குதல் வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரும் தம் துறைக்கு அப்பாற்பட்டதில் ‘அறியேன்’ எனக் கூறவும், அறிந்தாரிடம் மாணவனை அனுப்பவும் துணிதல் வேண்டும். நூலகமும் ஆய்வுகூடமும் ஆசிரியரின் நேரமும் போதாவிடத்து இப்பாடம் வெறுஞ் சடங்காகிவிடும்.

எல்லாவற்றினும் பெரிய இடர் இக்காலத்தில் வந்துள்ளது. எப்பொருள் பற்றியும் நொடிப்பொழுதிற் கட்டுரை இயற்றித் தரும் கணினிகள் தோன்றிவிட்டன. அவை சிலவேளை இல்லாத நூல்களையும் மேற்கோளாகக் காட்டுகின்றன. கட்டுரையை மாத்திரம் பெற்றுப் புள்ளியிடும் கல்விமுறை இதனால் நிலைகுலைதல் திண்ணம். இறுதியாண்டுப் பாடம் முறையாக நடத்தப்படுமாயின் அந்நிலை நேராது. அங்கு சோதிக்கப்படுவது தாள் மட்டுமன்று. ‘இதனை எங்ஙனம் அறிந்தாய்? இது பிழையாயின் எதனாற் பிழையாகும்?’ என வினவும்போது நிமிர்ந்து நின்று விடையிறுக்கும் மாணவனே சோதிக்கப்படுகின்றான்.

பட்டம் பெற்றுச் செல்வோருள் மிகச் சிலரே ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்வர். ஏனையோர் ஆசிரியராய், வைத்தியராய், வழக்கறிஞராய், அலுவலராய், ஊர்ச் சபையின் உறுப்பினராய் வாழ்வர். ஒரு வதந்தி ஊரில் எழும்போது, ஒரு கணக்கு முன்வைக்கப்படும்போது, ஒரு கிணறு பழிக்கப்படும்போது, வைட்ஹெட்டைப் போலத் தம் எண்ணத்தைச் சான்றின் முன் வைத்துப் பார்க்கவும், சான்று வேண்டின் எண்ணத்தை மாற்றவும் வல்லார் சிலரேனும் அவ்வூரில் இருத்தல் வேண்டும். அத்தகையோரை ஆக்கித் தருதலே கல்லூரியின் கடன். முடிகல் வைக்கப்படுவதும் அதன் பொருட்டே.