வாயிலைக் கடந்த பிறகு

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதே அப்பேச்சு. இடம் கிடைத்த அன்று பெற்றோர் பாரத்தை இறக்கி வைத்தவர்போல் மூச்சு விடுகின்றனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் மாணவன் ஒருவன் அவ்வெண்ணத்தை மாற்றினான். அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். கல்லூரி வாயில் எவ்வாறு திறந்தது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம்.

1904ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்னும் பெண் மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் மட்டுமே பயின்று வந்த கல்லூரி அது. எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால் அவர் சேர முடிந்தது. பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என நாடு போற்றும் நிலைக்கு உயர்ந்தார். அவருக்குக் கதவு திறந்தது ஒரு மன்னரின் நல்லெண்ணத்தால். அவ்வரியணையில் நல்லெண்ணம் இல்லாத ஒருவர் அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இக்கேள்விக்கு விடை காண வேண்டித்தான் நல்லெண்ணத்தைச் சட்டமாக மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சட்ட வரலாற்றில் நம் மாகாணத்துக்குத் தனி இடமுண்டு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணையை 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. இரண்டே மாதங்களில், அதே ஆண்டு ஜூனில், அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யத் தடையில்லை என்பது அதன் சாரம். பிறகு நடந்தவற்றை உங்கள் வரலாற்றுப் பாடநூல் சொல்லும்.

வாயில் திறப்பது ஒன்று. உள்ளே சென்றவர் படிப்பை முடித்து வெளியே வருவது வேறொன்று. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியைக் கொண்டு அவர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1916இல் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் தொடர்ந்தார். 1917இல் உதவித்தொகையின் காலம் முடிந்தது. அறிவில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. ஆயினும் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் கப்பலேற நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராகப் பணிபுரிந்து பொருள் சேர்த்து, கோலாப்பூர் சாகு மன்னரின் துணையும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் அங்கு டாக்டர் பட்டம் பெற்றார். மூன்றாண்டு இடைவெளியைத் தாண்டும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. பதினேழு வயதுச் சிறுவர் எல்லாருக்கும் அது இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா?

இது பழங்கதையன்று. 2020ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் கிடைத்த செய்தியைப் படித்து, ஆசிரியர் என்ற முறையில் கண் கலங்கினேன். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் நடந்த கலந்தாய்வில் என்ன நேர்ந்தது? தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சிலர், கட்டணம் செலுத்த வழியின்றி, கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினர். கதவு திறந்திருந்தது, படியேறப் பணமில்லை. அதே மாதத்தில் அரசு விழித்துக்கொண்டு அவர்தம் கட்டணத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தது. மறு ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு இவ்வொதுக்கீட்டை விரிவாக்கியபோது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தே அரசு ஏற்றது. முதலாண்டில் கற்ற பாடம் இரண்டாமாண்டில் பயன்பட்டது.

பணம் மட்டுமே தடை என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை அரசுப் பொதுத்தேர்வு மையம் ஒன்றுக்கு முதன்மைக் கண்காணிப்பாளனாகச் சென்றிருந்தேன். அங்கே பார்வையற்ற மாணவி ஒருத்தி தனியறையில் அமர்ந்து விடை சொல்ல, ஆசிரியை ஒருவர் எழுதினார். அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தரப்பட்டிருந்தது. வெளியே காத்திருந்த பெற்றோர் ஒருவர் என்னிடம், “எல்லாருக்கும் ஒரே தேர்வு என்கிறீர்கள், இவளுக்கு மட்டும் ஏன் ஐயா சலுகை?” என்று கேட்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நேர்மையாகக் கேட்ட கேள்வி அது. “உங்கள் மகன் தான் எழுதியதைத் தானே படித்துத் திருத்துகிறான். இவள் திருத்த வேண்டுமானால், எழுதியதைப் பிறர் படித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்தைத்தான் திருப்பித் தந்திருக்கிறோம்” என்றேன். வினாத்தாள் ஒன்றே, மதிப்பிடும் முறையும் ஒன்றே. அறிவை அளக்க வேண்டிய தேர்வு கண்ணை அளந்துவிடாமல் காப்பதற்கே அந்த ஒரு மணி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைத் தெளிவுபடுத்தியது. முன்பு ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கிட்ட சட்டம், இப்போது இருபத்தொரு வகைகளைக் கொண்டது. அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறும் நிலையங்களிலும் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது. 2018இல் வந்த நெறிமுறை, எழுத இயலாதவர்க்குத் தேர்வில் மணிக்கு இருபது நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டுமென்றது. பிறகு 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய தேர்வர் ஒருவர், சொல்வதை எழுத உதவியாளர் வேண்டினார். சட்டம் வகுத்த நாற்பது விழுக்காடு என்னும் அளவை அவருடைய குறைபாடு எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. அளவுகோலைக் காட்டித் தேவையை மறுப்பது தகாது, அவரவர் தேவைக்கேற்ற மாற்று ஏற்பாடு செய்வது சமத்துவத்தின் பகுதியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சமம்’ என்னும் சொல்லுக்கு ‘ஒரே மாதிரி’ என்று பொருள் கொள்வோர் இத்தீர்ப்பை எண்ணிப் பார்ப்பது நன்று.

கல்லூரிக்குள் வேறென்ன உதவிகள் உள்ளன? பட்டியல் சாதி மாணவருக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் வழங்கப்பட்டு வருகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோர்க்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்படுத்தியது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கு அதே போன்ற திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நடத்தும் விடுதிகளில் உணவும் உறைவிடமும் கட்டணமின்றிக் கிடைக்கும். விடுதி என்பது சிறிய செய்தியன்று. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை எந்த விடுதியும் ஏற்காத காரணத்தால்தான் முத்துலட்சுமி அம்மையார் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். படுக்க இடமில்லாதவருக்குப் பல்கலைக்கழகம் இருந்தும் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சாதி, மதம், மொழி, பால், உடற்குறை ஆகியவற்றைக் காட்டி மாணவரை வேறுபடுத்தி நடத்தினால் முறையிட வழியுண்டு. சமவாய்ப்பு மையம் ஒன்றை நிறுவி, முறையீட்டைக் கேட்க ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி வகுத்தது. பெண்களுக்கு நேரும் தொல்லைகளை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த உள்ளகப் புகார்க் குழு உண்டு. ராகிங் கொடுமைக்கு 1997 முதலே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இருக்கிறது. பல கல்லூரிகளில் இவற்றின் பெயர்ப்பலகைகள் மாடிப்படியின் கீழே, மின்விசிறி சேமித்து வைக்கும் அறைக்குப் பக்கத்தில் தொங்குகின்றன என்பதும் உண்மை. அதற்காக, அங்கே போகாமல் இருந்துவிடலாகாது.

இனி என் மாணவனின் கதைக்கு வருகிறேன். அதற்குமுன் என் கதையில் சிறிது. 1970களில் நான் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பிற்குச் சென்றேன். ஆங்கிலத்தில் நடந்த வேதியியல் வகுப்பில் முதல் இரு மாதங்கள், கோயிலில் வடமொழி மந்திரம் கேட்பவனைப்போல், ஒன்றும் விளங்காமல் பயபக்தியுடன் அமர்ந்திருந்தேன். மாலையில் எங்கள் சிலரை மட்டும் இருத்திவைத்து, அன்றைய பாடத்தின் இருபது சொற்களுக்குத் தமிழில் பொருள் சொன்ன விரிவுரையாளர் ஒருவரால் தப்பினேன். இன்று சில கல்லூரிகளில் தொடக்க வாரங்களில் நடத்தும் இணைப்புப் பயிற்சிக்கு அவரே எனக்கு முன்னோடி. உதவித்தொகையை அந்நாளில் ‘உபகாரச் சம்பளம்’ என்போம். அது வந்த நாளில் எழுத்தர் தாழ்வாரத்தில் நின்று எங்கள் பெயர்களை உரக்கப் படிப்பார். எல்லாரும் பார்க்க நடந்துசென்று கையொப்பமிட வேண்டும். சொல்லிலேயே உபகாரம் இருந்தது; அதைப் பெற்றவன் தலை தாழ்ந்தது. அந்தக் கூச்சம் என்னுள் தங்கி, பின்னாளில் வேறு வடிவில் வெளிப்பட்டது.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பினருக்குப் பிரிவுபசார விழா நடக்கும். அதில் நான் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “எங்கே போனாலும் யாரிடமும் கையேந்தாதீர்கள்!” கைத்தட்டல் பலமாக இருக்கும். 2011ஆம் ஆண்டு கைத்தட்டியவர்களுள் செங்கற்சூளைத் தொழிலாளி ஒருவரின் மகனும் இருந்தான். இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்று, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தான். டிசம்பரில் பள்ளிச் சுற்றுச்சுவருக்குச் செங்கல் வாங்கச் சூளைக்குப் போனேன். அவன் அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

நால்வராக ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறான். மூன்றாம் மாதம் வாடகைக்குப் பணமில்லை. ஆங்கிலப் பாடமும் பிடிபடவில்லை. நல விடுதி அவன் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. “ஏன் விண்ணப்பிக்கவில்லை?” என்று கேட்டேன். “கேக்கக் கூச்சமா இருந்துச்சு ஐயா. நீங்கதான் கையேந்தாதீங்கன்னு சொன்னீங்க” என்றான். குறை சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்லைக் காத்தவனின் குரலில் சொன்னான்.

மறுநாளே அவனை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்தோர் பரிவுடன்தான் நடந்துகொண்டனர். ஆனால் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் கெடு முடிந்திருந்தது. வருகை நாளும் போதவில்லை. அடுத்த ஆண்டு வரச் சொன்னார்கள். அவன் போகவில்லை. இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான்.

அதன்பின் விழாவில் அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தாள் கொடுக்கத் தொடங்கினேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கல்லூரி திறக்குமுன்பே எங்கே பெறுவது, சேர்ந்த முதல் வாரத்தில் எந்தெந்த அலுவலரைப் பார்ப்பது, விடுதி விண்ணப்பத்தின் கடைசி நாளை எங்கே தெரிந்துகொள்வது என்பனவே அதில் இருந்தன. நூல் நயம் ஒன்றும் இல்லாத தாள். ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுதோறும் திருத்தி, நூறு படிகள் எடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் அவன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அக்காள் மகள் கல்லூரியில் சேர்கிறாளாம். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தான். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இன்னொண்ணு குடுங்க ஐயா, பக்கத்து வீட்டுப் பொண்ணும் சேருது” என்றான்.