எல்லா வாசலிலும் ஒரே கந்தீல்

தசரா முடிந்து சில நாட்கள் போனால் போதும். மாஹிமில் 'கந்தீல் கல்லி' என்றே பெயர் பெற்றுவிட்ட சந்துக்குள் நுழைபவரின் தலையில் வண்ணக் காகிதம் உரசும். கடைக்குக் கடை கயிறு கட்டித் தொங்கவிட்ட ஆகாச கந்தீல்கள்; நட்சத்திரம், தாமரை, எண்கோணம் என்று விதவிதமாக. வாசலில் கந்தீல் ஏறினால்தான் மராட்டியருக்குத் தீபாவளி வந்ததாக அர்த்தம். எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் பலகாரமும் நமக்கும் அவர்களுக்கும் பொது. உயரே தொங்கும் இந்தக் காகித விளக்கு மட்டும் மும்பைக்கு வந்த பிறகு நம்மவர்கள் கற்றுக்கொண்டது.

கடையில் வாங்குவது ஒரு வகை. வீட்டில் செய்வது இன்னொரு வகை. கிர்காவ், பரேல், லால்பாக் பகுதிகளில் உள்ள பழைய சால்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது வகையின் அருமை தெரியும். ஒரு நீண்ட வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள். தீபாவளிக்கு முன்பே குடியிருப்போர் கூடிப் பேசி, இந்த ஆண்டு இன்ன நிறம், இன்ன வடிவம் என்று முடிவு செய்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து மூங்கில் சிம்பும் காகிதமும் வாங்குவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளும் இளைஞர்களும் வராந்தாவிலேயே உட்கார்ந்து கட்டுவார்கள். பண்டிகையன்று எல்லா வாசலிலும் ஒரே கந்தீல் எரியும். எது யார் வீடு என்று கந்தீலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 1960-களின் இறுதியில், தென்னாட்டார் வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற முழக்கம் உரக்கக் கேட்ட நகரம் இது. அப்படிப்பட்ட ஊரில், பக்கத்து வாசலில் தொங்குவதே தன் வாசலிலும் தொங்குகிறது என்றால், அந்த வீடும் அந்த வரிசையில் ஒன்று என்று அர்த்தம்.

இன்று பழைய சால்கள் ஒவ்வொன்றாக இடிந்து மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. வராந்தா இருந்த இடத்தில் லிப்டும் மூடிய கதவுகளும் வந்துவிட்டன. மடித்து வைக்கும் பிளாஸ்டிக் கந்தீல் கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எதிர் வீட்டுக் குழந்தையின் பெயர்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மாலைப்பொழுதை ஒதுக்கினால், கந்தீலும் கிடைக்கும், எதிர் வீட்டுச் சிநேகமும் கிடைக்கும்.

24 குச்சிக் கணக்கு

கந்தீல் கட்ட எளிய வழி ஆறு சதுரம் கட்டுவது. ஒரு சதுரத்துக்கு நான்கு வீதம் 24 மூங்கில் குச்சிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் 9 அங்குலமாக நறுக்கிக்கொள்ளவும். முனைகளில் அரை அங்குலம் விட்டு, குறுக்காகப் பருத்தி நூல் சுற்றிக் கட்டினால் உள்ளளவு 8 அங்குலமுள்ள சதுரம் வரும். சதுரம் கோணிப்போகாமல் இருக்க, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக, 11¼ அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் சதுரம் சரி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் கூடவே படிந்துவிடும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். மூன்று மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் இறுகும். பூச்சி அரிக்காமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. அது விஷம், குழந்தைகள் தொடும் பசையில் வேண்டாம். சில வாரம் தொங்கப்போகும் கந்தீலுக்கு மைதா மட்டுமே போதும்.

பட்டம் செய்யும் மெல்லிய தாளை 9 அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரங்களைக் குச்சியின் மேல் மடித்து ஒட்டவும். நான்கு சதுரங்களுக்கு மட்டும் தாள் ஒட்டினால் போதும். இரண்டை வெறுமனே விட்டுவிடவும்.

பசை காய்ந்த பின், தாள் ஒட்டிய நான்கையும் முனை மேலும் கீழும் இருக்கும்படி, சீட்டுக்கட்டின் டைமன் போலச் சாய்த்து நிறுத்தவும். பக்கத்து மூலைகளை ஒன்றோடொன்று கட்டினால் ஒரு வளையம் ஆகும. தாள் ஒட்டாத சதுரம் ஒன்றை மேலே வைத்து, அதன் நான்கு மூலைகளையும் வளையத்தின் நான்கு மேல் முனைகளோடு கட்டவும். கவிழ்த்து, அடிப்பக்கத்திலும் அவ்வாறே செய்யவும். இப்போது மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு முக்கோண இடைவெளிகள் இருக்கும். அவற்றை வேறொரு நிறத் தாளால் மூடினால் கந்தீல் உருண்டு திரண்டு நிற்கும். ஓரத்தைக் கத்தரித்துச் சீப்புப் பல் போல் ஆக்கிய நீளமான காகிதப் பட்டைகளைக் கீழ்ச் சதுரத்தில் வாலாக ஒட்டவும். மேல் மூலைகள் நான்கிலும் நூல் கட்டித் தொங்கவிடலாம்.

ஒரு காலத்தில் உள்ளே அகல் விளக்கு வைத்தார்கள். பிறகு குண்டு பல்பு வந்தது. அதன் சூட்டில் தாள் பழுத்துவிடும். இன்றைய எல்.இ.டி. பல்பில் 5 அல்லது 7 வாட் போதும், சூடும் குறைவு. மேல் சதுரத்தின் வழியே இறக்கி, தாளில் படாமல் நடுவில் தொங்கவிட வேண்டும். காகிதக் கந்தீலுக்குள் நெருப்பு மட்டும் கூடாது. ஐப்பசியில் திடீரென்று ஒரு மழை வந்தால் பட்டத்தாளின் சாயம் ஓடிவிடும் என்பதால், கூரைக்கு அடியில் மாட்டுவது நல்லது.

மண்ணில் ஒரு செஞ்சி

கந்தீல் வாசலுக்கு என்றால், முற்றத்துக்குக் 'கில்லா'. தீபாவளி விடுமுறையில் மராட்டியக் குழந்தைகள் மண்ணால் கட்டும் கோட்டை இது. உடைந்த செங்கல்லையும் கல்லையும் மலை போல் குவித்து, பழைய கோணியைக் குழைசேற்றில் தோய்த்து மேலே போர்த்துவார்கள். படி, வாசல், கொத்தளம், சுனை எல்லாம் வைப்பார்கள். கடுகையோ கேழ்வரகையோ தூவித் தினமும் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் மலைச்சரிவு பச்சையாகிவிடும். உச்சியில் சத்ரபதி சிவாஜியின் மண் பொம்மை. சரிவெங்கும் ஈட்டி பிடித்த மாவளே வீரர்கள். மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் பால்கனியில் ஒரு பழைய தட்டின் மேலேயே கட்டிவிடலாம். பண்டிகை முடிந்ததும் மண் பூந்தொட்டிக்குப் போய்விடும்.

பெரும்பாலான பிள்ளைகள் ராய்கட் கோட்டையையோ பிரதாப்கட் கோட்டையையோ கட்டுவார்கள். தமிழ்க் குழந்தைகள் செஞ்சியைக் கட்டலாமே! 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் மொகலாயரிடமிருந்து தப்பி வந்து, 1698 வரை மராட்டிய அரசைக் காத்ததும் அந்தச் செஞ்சியில் இருந்துதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைக் குவித்து, மதிலால் இணைத்தால் செஞ்சி தயார். "இது எந்தக் கில்லா?" என்று அடுத்த வீட்டுப் பையன் கேட்பான். "எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோட்டை, உங்கள் ராஜா இருந்த கோட்டை" என்று பதில் சொல்ல நம் பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

தாத்தாவுக்கும் வேலை உண்டு

இந்த வேலையில் மூத்தவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பேரப் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, மொழி தெரியாமல் நாள் முழுதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் எத்தனையோ பேர். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் கட்டி, கார்த்திகைக்கு மாவலி சுற்றிய கைகள் அவை. மாடிக் கட்டடத்தில் மாவலி சுற்ற முடியாது. ஆனால் மூங்கிலைச் சீவவும், முடிச்சு நழுவாமல் நூல் கட்டவும் அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றி உட்காரும் குழந்தைகள் மராட்டியில் பேசினாலும், முடிச்சுப் போடுவதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

பாட்டிக்கும் அம்மாவுக்கும் பலகாரத் தட்டு இருக்கவே இருக்கிறது. அவர்களுடைய கரஞ்சிக்கு நம் சோமாசி உறவு. சக்லிக்கு நம் முள்ளு முறுக்கு உறவு. தட்டுகள் வீட்டுக்கு வீடு போய்வருவது மும்பையில் இன்றும் உள்ள வழக்கம்தான். தட்டோடு கையால் கட்டிய கந்தீல் ஒன்றும் போனால், தின்று தீர்ந்த பிறகும் அது அந்த வாசலில் எரிந்துகொண்டிருக்கும்.

பல மராட்டிய வீடுகளில் கார்த்திகப் பௌர்ணமி வரை கந்தீலை இறக்குவதில்லை. நம் திருக்கார்த்திகை சில ஆண்டுகளில் அதே பௌர்ணமியை ஒட்டி வருகிறது. 2021-லும் 2023-லும் அப்படித்தான் வந்தது. மற்ற ஆண்டுகளில் ஒரு மாதம் பிந்துகிறது. அதனால் தமிழ் வீட்டுக் கந்தீல் சற்று அதிக நாள் தொங்கினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. மேலே கந்தீல், கீழே தாராவி கும்பார்வாடாவில் வாங்கிய அகல் வரிசை என்று இரண்டையும் சேர்த்தே ஏற்றலாம்.

ஆகவே, இந்த முறை மூங்கில் வாங்கும்போது 24 குச்சியோடு நிறுத்த வேண்டாம். 48 வாங்கவும். இரண்டாவது கந்தீல் எதிர் வீட்டுக்கு. அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கட்டினால் இன்னும் நல்லது.