இடுப்பு அறுவைக்குப் பிறகு முதல் இரவு

தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராமலே சில குழந்தைகள் பிறக்கிறார்கள். நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தால் பெரும்பாலும் அறுவைதான். கனடாவின் ராபர்ட் சால்டர் வகுத்த முறையில் இடுப்பெலும்பையே வெட்டித் திருப்பி, இடையில் எலும்புத்துண்டு ஒன்றைச் செருகி, கிண்ணத்தைப் பந்தின்மேல் கவிய வைக்கிறார்கள். பிறகு மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. வலி கடுமையாக இருக்கும். அதைச் சொல்ல ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வார்த்தை கிடையாது.

மார்ஃபின் வலியை அடக்கும். ஆனால் வாந்தி, அரிப்பு, அளவு மீறினால் மூச்சே மந்தமாவது என்று அதற்கும் விலை உண்டு. அதனால் மயக்க மருத்துவர்கள் வலியைக் கொண்டுபோகும் நரம்புகளையே சில மணி நேரம் மரத்துப்போகச் செய்கிறார்கள். குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே ஊசி போடப்படுகிறது.

எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். இடுப்பு மூட்டுக்கு ஒரே நரம்பு இல்லை. தொடை நரம்பு, அப்டுரேட்டர், சயாட்டிக் எனப் பல நரம்புகளின் கிளைகள் அங்கே வந்து சேர்கின்றன. முதுகெலும்பின் அடிமுனையில், வால் எலும்புக்குச் சற்று மேலே போடும் காடல் ஊசி பலவற்றை ஒரே தடவையில் மரக்கச் செய்யும். 1933-லேயே அமெரிக்க மருத்துவர் மெரிடித் கேம்பெல் குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தியது குறித்து எழுதினார். ஆனால் இரண்டு கால்களும் மரக்கும், சிறுநீர் கழிக்கத் தடை வரலாம், ஒரே ஊசியின் பலன் சில மணி நேரம்தான். ஒரு பக்கம் மட்டும் போதுமென்றால் இடுப்பின் முன்புறச் சவ்வுக்கு அடியில் மருந்தைப் பரப்பும் ஃபேசியா இலியாக்கா முறை இருக்கிறது. பிரான்சின் பெர்னார்ட் டாலென்ஸ் 1989-இல் குழந்தைகளிடம் இதன் பலனைக் காட்டினார். அப்டுரேட்டர் நரம்பு மட்டும் இதற்குச் சில சமயம் பிடிபடாது. இப்போது ஊசி நுழைவதை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள்.

மருந்தின் அளவில் கைதவறக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் மருந்தான பியூபிவக்கெய்ன் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. 10 கிலோ குழந்தைக்கு 25 மில்லிகிராம், 0.25 சதவீதக் கரைசலில் 10 மில்லி மட்டுமே. தப்பித்தவறி இரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயம் பாதிக்கப்படும். அதற்காகவே 20 சதவீதக் கொழுப்புத் திரவம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மாவுக்கட்டு இறுகினால் வரும் எச்சரிக்கை வலியும் மரப்பில் மறைந்துவிடலாம் என்பதால் செவிலியர்கள் கால்விரல்களின் நிறத்தையும் சூட்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

மரப்பு விலகும் நேரம் பெரும்பாலும் இரவில் வரும். குழந்தை வீறிட்ட பிறகு மருந்து தேடுவது தாமதம். எடைக்கேற்ற பாராசிட்டமாலை முன்னதாகவே தொடங்கி, நேரம் தவறாமல் கொடுத்துவர வேண்டும். முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு வலியைக் கணிக்கும் அளவுகோல் வார்டுகளில் இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் இடுப்பு விலகி அறுவைக்கு வரும் குழந்தைகளுக்கு அதன் திருத்திய வடிவம் உண்டு. தம் குழந்தை வலியில் என்ன செய்யும் என்பதைப் பெற்றோர் சொல்ல, மதிப்பெண் போடும் தாளிலேயே அதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறார்கள்.