அச்சேறாத ஆட்டக்காரர்கள்

சேகரிப்போர் உலகம் – 12

விளையாட்டு அட்டை என்பது இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள ஒரு தடித்த காகிதம். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம் இருக்கும். பின்பக்கம் அவர் பிறந்த ஊர், ஆடிய அணிகள், ஆட்டக் கணக்கு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தோடு வளர்ந்த வழக்கம் இது. முதலில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே செருகப்பட்டது, பிறகு பபிள்கம்மோடு வந்தது. 1952இல் டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் 407 அட்டைகள் கொண்ட ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டின் கணக்கும் வாழ்நாள் கணக்கும் பின்பக்கத்தில் சேர்ந்தே இருந்ததுதான் அதன் தனிச்சிறப்பு. இன்றைய அளவு 1957இல் நிலைபெற்றது. விற்காமல் கிடந்த 1952 அட்டைகளை 1960இல் பெர்கர் படகிலேற்றி நியூஜெர்சிக்கு அப்பால் கடலில் கொட்டினார். அதே வரிசையின் மிக்கி மேன்ட்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

அங்கே சொந்தமாக அட்டை செய்பவர்கள் நிறுவனங்கள் விட்ட இடத்தை நிரப்புகிறார்கள். ஒரே பருவம் மட்டும் ஆடி மறைந்தவருக்கு ஓர் அட்டை, இன்றைய வீரருக்குப் பழைய பாணியில் ஓர் அட்டை என்று போகும். கடலளவு அச்சான நாட்டில் அது உதிரி வேலைதான். இந்தியாவில் அச்சானதே கொஞ்சம். 1980களின் கடைசியிலும் 1990களிலும் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படங்கள் வந்தன. அவற்றில் குறித்திருந்த ரன்னையும் விக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு கிடைத்தது. மல்யுத்த டிரம்ப் கார்டுகள் பள்ளிப் பைகளில் புழங்கின. அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தீப்பெட்டிப் படம். மாநில அணிக்கு ஆடிய கால்பந்துக்காரருக்கு இவை எதிலும் இடமில்லை.

ஆகவே கொச்சியின் மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து அட்டை செய்யப் புறப்படும் ஒருவர் முதல் வரிசைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. படகுத்துறையிலிருந்து காயலைக் கடந்தால் எறணாகுளம். அங்கே மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் 1973 டிசம்பர் 27 அன்று கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியை வென்றது. இறுதியாட்டத்தில் ரயில்வே அணி 3–2 என்று தோற்றது. மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் டி.கே.எஸ். மணி. ‘கேப்டன் மணி’ என்பது பிறகு அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. துணைக் கேப்டன் டி.ஏ. ஜாஃபர், கோல் காத்தவர்களில் ஒருவர் விக்டர் மஞ்ஞிலா. பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோலும் அதுதான். பேஸ்பால் நாட்டில் பிறந்திருந்தால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் பத்து விதமான அட்டை இருந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குவோர் முன்பக்கத்தில்தான் முழு நேரத்தையும் செலவிடுவார்கள். உண்மையான உழைப்பு பின்பக்கத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து கணக்கு உண்டு, அட்டையின் பின்பக்கம் தானாக நிரம்பிவிடும். அந்தக் காலத்து மாநிலக் கால்பந்தில் கோல் அடித்தவர் பெயர் நாளிதழில் வரும், தடுத்தவர் பெயர் வராது. பின்காப்பு வீரருக்கு எண்ணாக எழுத ஒன்றுமே மிஞ்சாது. நூலகங்களின் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டி, எந்தச் சுற்றில் யாரோடு ஆடினார், எந்தக் கம்பெனி அணியில் வேலை பார்த்தார் என்று தேடிச் சேர்க்க வேண்டும். மணியைப் போல உத்யோகமண்டல் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை அணிக்கு ஆடியவர் என்றால் அந்த ஒரு வரியே பாதி வாழ்க்கையைச் சொல்லிவிடும். கிடைக்காத எண்ணுக்கு ஒரு கோடு போட்டு விடுவதே முறை. உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டால் அது பத்து வருஷத்தில் வரலாறாகிவிடும்.

முன்பக்கப் படம் கறுப்பு வெள்ளையில் கிடைத்தால் அப்படியே விடுவது நல்லது. கணினி பூசும் நிறத்தில் ஜெர்சி அழகாக வரும், ஆனால் உண்மையான நிறமாக இராது. அட்டை அளவுக்கு 750க்கு 1,050 பிக்சல் தேவை, அப்போதுதான் அங்குலத்துக்கு 300 புள்ளி வரும். செய்தித்தாளில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் புள்ளிகளாகச் சிதறும், சிறிதாகவே அச்சிட வேண்டும். பெயர் மலையாளத்தில் இருப்பதே ஊருக்குப் பொருத்தம். மஞ்சரி, ரசனா போன்ற எழுத்துருக்களை சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு இலவசமாகத் தருகிறது.

அச்சுக்குக் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கும் டிஜிட்டல் பிரஸ் போதும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு கேட்க வேண்டும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு புறமும் 3 மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி நூலிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளை தெரியும். 12க்கு 18 அங்குலத் தாளில் 18 அட்டைகள் அடங்கும். மூலையை வளைத்து வெட்டுவது வேண்டாத வேலை, சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிடும். பேஸ்பால் அட்டையின் மூலை கூர்மையானது.

கொச்சிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கடலோரத்தில் காகிதம் எப்போதும் ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை ஆடி மாதத்துக்குள் சுருண்டுவிடும். இரு பக்கமும் மேட் லேமினேஷன் செய்ய வேண்டும். வீட்டு இங்க்ஜெட்டின் சாய மை ஈரத்தில் ஊறிப் பரவும், பிரஸ்ஸின் டோனர் தாங்கும். ஒன்பது பைகள் கொண்ட பிளாஸ்டிக் தாளில் வைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடினால் மழைக்காலம் கழியும்.

புதிதாகச் செய்து பழசாக்கிய பொருளும் விலைபோகும் இடம் மட்டாஞ்சேரி யூதர் தெரு. அட்டைக்கு அந்த வித்தை ஆகாது. தேநீரில் நனைத்து மஞ்சளாக்குவதும் இல்லாத கம்பெனியின் பெயரைப் போடுவதும் அடுத்து வரும் சேகரிப்பாளரை ஏமாற்றும் வேலை. ‘சொந்தத் தயாரிப்பு’ என்ற சொல்லும் செய்த ஆண்டும் பின்பக்க அடியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

படத்தின் உரிமையும் கவனிக்க வேண்டியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. சொந்த ஆல்பத்துக்கு நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. விற்பதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். அந்த இறுதியாட்டத்தைப் பற்றி 1973 டிசம்பரில் நாளிதழ்களில் வெளியான படங்களின் உரிமை 2033 டிசம்பர் 31 அன்று முடிகிறது.

(தொடரும்)