அலறுகிறவர் காத்திருக்கலாம்

2023 ஜூன் 19. பண்ருட்டி–கடலூர் சாலையில் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. பலர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் 70 பேருக்கு மேல். இப்படி நடக்கும்போது '108' ஆம்புலன்ஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்து சேரும். முதல் வண்டியில் யாரை ஏற்றுவது?

கூடி நிற்கும் ஜனத்துக்கு இதில் சந்தேகமே வராது. குழந்தை, ரத்தம் வழிகிறவர், வலி தாங்காமல் அலறுகிறவர். மோதிய வண்டியின் டிரைவர் கடைசி. "அவனை எதுக்குய்யா ஏத்துற?" என்று கேட்கவும் ஓர் ஆள் இருப்பார்.

மருத்துவக் கணக்கு இதற்கு நேர் எதிர். காயம்பட்டவர்களை அவசரத்துக்கு ஏற்ப நிறம் கட்டிப் பிரிக்க 1980களில் கலிஃபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' முறையில் முதல் வேலையே குரல் கொடுப்பதுதான்: "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!" எழுந்து வந்தவர்களுக்குப் பச்சை, சட்டை முழுக்க ரத்தமாக இருந்தாலும் காத்திருக்கலாம். கிடப்பவர்களிடம் மூச்சைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் இரைத்தால் சிவப்பு, அதாவது முதலில் ஏற்ற வேண்டியவர். நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் செம்மை திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் சிவப்பு. "கையைப் பிடிங்க" என்றால் பிடிக்கவில்லையா, அதுவும் சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள், சிவப்புக்கு அடுத்த முறை அவர்களுக்கு. சத்தமாகக் கத்த முடிகிறது என்றால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். பேச்சுமூச்சில்லாமல் ஓரமாகக் கிடப்பவர்தான் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பார். இதில் தப்பு யார் மேல் என்ற கேள்விக்கு இடமே கிடையாது. டிரைவருக்குச் சிவப்பு என்றால் அவருக்குத்தான் முதல் ஸ்ட்ரெச்சர்.

கறுப்புதான் கொடுமை. தலையை நிமிர்த்தி மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராதவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். ஒரே ஒருவர் அடிபட்டிருந்தால் எந்த மருத்துவரும் அப்படிப் போகமாட்டார். ஆனால் இங்கே மூச்சில்லாதவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் 10 நிமிடத்தில் பிழைக்கக்கூடிய இரண்டு பேர் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடமோ மனைவியிடமோ இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் வந்துவிட்டன. தகராறும் அங்கேதான் வெடிக்கிறது: "நாங்க முன்னாடியே வந்தோம், பின்னாடி வந்தவனைப் பாக்குறீங்க." ரேஷன் கடையிலும் பஸ் நிலையத்திலும் வந்த வரிசைதான் நியாயம் என்று பழகியவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? ஜனங்களுக்கு விவரம் போதாது என்று இதை ஒதுக்குவது சோம்பேறித்தனம். எனக்குத் தெரிந்து பாதிக் கோபம் வரிசை மாறியதால் வருவதில்லை. ஏன் மாறியது என்று ஒருவரும் வாய் திறக்காததால் வருகிறது. வாசலில் நின்று, "உங்க ஆளுக்கு மஞ்சள், அரை மணியில மறுபடி பாப்போம்" என்று சொல்ல ஓர் ஆளைப் போடுவதும் சிகிச்சையின் பகுதிதான்.

கட்டிய நிறம் மாறவும் செய்யும். மஞ்சளில் படுத்திருப்பவர் திடீரென்று வியர்த்தால், உளறினால், மூச்சு வாங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மறுபடி பார்த்துச் சிவப்புக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.